மோட்டாரை நிறுத்தியது யார்?

முப்பத்தோராண்டு நம் பிள்ளைகளுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்து, இன்றைக்கு நான் பேசும்போது உச்சரிப்புப் பிசகுகிறதா என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும், பூவரசவிடுதி படிப்பகத்தின் தலைவர் சொர்ணவல்லி டீச்சர் அவர்களே. எந்நேரம் கூப்பிட்டாலும் போனை எடுக்கும் ஊராட்சித் தலைவர் அண்ணன் ஆத்மநாதன் அவர்களே. முறை தவறாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐந்து கரைப் பெரியோர்களே. குடத்தை இறக்கி வைத்த கையோடு, இவன் என்னதான் பேசுகிறான் பார்ப்போம் என்று வந்திருக்கும் மேட்டுத்தெருத் தாய்மார்களே. வண்டியை விட்டு இறங்காமல், ஒரு கண்ணை மேடையிலும் ஒரு கண்ணைச் செல்பேசியிலும் வைத்திருக்கும் இளைஞர் படையே. இந்தப் படிப்பக ஆண்டு விழாவை நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும் திருப்பூர், சிங்கப்பூர், துபாய்ச் சொந்தங்களே. உங்கள் அனைவருக்கும், கறம்பக்குடி வழித்தடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று கத்திக் கத்திக் குரல் கரகரத்துப்போன இந்த அரசுப் பேருந்து நடத்துநர் செம்மலின் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இணையத்தில் நம் கருத்து’. நல்ல தலைப்பு. நாகரிகமான தலைப்பு. நடுநடுவே நகைச்சுவை சொல்லி, நாற்பது நிமிடம் பேசி, நன்றி சொல்லி இறங்கிவிடலாம் என்றுதான் போன வாரம்வரை நினைத்திருந்தேன். ஆனால், தோழர்களே, நாளை என்ன நாள்? குடியரசு நாள். காலை பதினொரு மணிக்கு இதே இடத்தில் கிராம சபை. அந்தச் சபையில் ஏழாவது பொருள் என்ன? ‘குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர் அடைக்கலமேரியைப் பணியிலிருந்து நீக்குவது.’ ஒன்பது ஆண்டுகளாக நம் ஊர்க் குடிநீர் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஒரு பெண்ணின் வேலை நாளைக்கு நம் கைதூக்கலில் இருக்கிறது. அதை அங்கே வைத்துவிட்டு, இங்கே நின்று நான் அலங்காரமாகப் பேசிவிட்டுப் போனால் என் நாக்கு எனக்கே கசக்கும். ஆகவே தலைப்பை மாற்றவில்லை. அதே தலைப்பைத்தான், அந்த மோட்டார் அறையின் வாசலில் நின்று பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கருத்துச் சொல்கிறவர்களைத் திட்டுவதற்கு நான் வரவில்லை. கருத்துச் சொல்வது குற்றமா? இல்லை. கேள்வி கேட்பது குற்றமா? இல்லவே இல்லை. நம் ‘பூவரசவிடுதி குரல்’ வாட்ஸ்அப் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பள்ளிக்கூடத்து முக்கில் ஆறு மாதம் எரியாத விளக்கைத் தம்பி கோபிநாத் படம் எடுத்துப் போட்டான். மூன்றே நாளில் விளக்கு எரிந்தது. ஆமாம், ஆத்மநாதன் அண்ணன் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். முன்பெல்லாம் ஒரு மனு எழுத வேண்டும் என்றால் எழுதத் தெரிந்தவரைத் தேட வேண்டும், கொடுக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும், கொடுத்தபின் அதைக் கண்டவரைத் தேட வேண்டும். இன்றைக்கு ஒரு விரல் போதும். அந்த விரலை மடக்கு என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. அரசைக் கேள், அதிகாரியைக் கேள், ஆளைக் கேள். கேட்பதனால்தான் இது குடியரசு.

ஆனால் கேட்கிற நாம், யாரைக் கேட்கிறோம் என்று பார்த்தோமா? அதுதான் என் கேள்வி.

போன ஆவணியில் நம் ஊராட்சி மோட்டாருக்கு ஒரு பெட்டி வாங்கிப் பொருத்தினோம். நினைவிருக்கிறதா? செல்போனிலிருந்து அழைத்தால் மோட்டார் ஓடும் பெட்டி. தோட்டத்துக்காரர்கள் வைத்திருக்கிறார்களே, அதே மாதிரி. அதற்குள் ஒரு சிம் இருக்கும். அந்தப் பெட்டியில் யார் யார் எண்ணைப் பதிகிறோமோ அவர்கள் அழைத்தால் மட்டும் அது கேட்கும். ஊர்ப் பொதுச் சொத்து. ஊர்ப் பணம், ஊர்ப் பெட்டி, ஊர் மோட்டார். சரி, யார் எண்ணைப் பதிவது?

இந்த இடத்தில்தான் நாம் நம் வேலையைக் காட்டினோம். நம் ஊரில் கரை ஐந்து. கோயில் தேர் வடத்தைத் தொடுவதென்றாலும் ஐந்து கரைக்கும் முறைவைத்துத்தான் மரியாதை. அந்த ஐந்து குடும்பக் கிளைகளுக்கும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத பெருமை உண்டு. எனவே பெட்டிக்கும் மாலை போட்டோம். கரைக்கு ஒரு எண் என்று ஐந்து எண் பதிவது என்று முடிவாயிற்று. அப்புறம் எந்தக் கரையின் எண்ணை முதலில் பதிவது? பிடித்தது சண்டை. காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரை வரை. பெட்டி பொருத்த வந்த தம்பி சரவணக்குமார், பாவம், புதுக்கோட்டையிலிருந்து வந்த பிள்ளை, நடுவில் நின்றுகொண்டு பொறுமையாகச் சொல்கிறான்: “அண்ணே, ஒரு தடவை கால் அடிச்சா ஓடும். ஓடிக்கிட்டு இருக்கும்போது கால் அடிச்சா நின்னுரும். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நின்னதும் அடிச்சவங்க போனுக்கு மெசேஜ் வந்துரும்.”

யார் காதில் வாங்கினோம்? நாங்கள் ஐந்து பேரும் மரியாதையை வாங்குவதில் மும்முரமாக இருந்தோம். ஐந்து பேரில் நானும் ஒருவன். மூன்றாவது கரை. அன்றைக்கு அந்தத் தம்பி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டவர் ஒரே ஒருவர். கதவோரம் நின்ற அடைக்கலமேரி. கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: “அண்ணே, தினமும் போடுறவ நான்தானே, எம் நம்பரையும் ஏத்திவிட்டா நல்லாருக்கும்.” எங்களில் ஒருவர் சொன்னார்: “ஒனக்கு எதுக்கு நம்பரு? நீதான் பக்கத்துலயே நிக்கப்போறியே, கையால போடு.” நாங்கள் ஐந்து பேரும் சிரித்தோம்.

சிரிக்காதீர்கள், தாய்மார்களே. சிரித்ததற்குத்தான் இப்போது நான் அழுதுகொண்டிருக்கிறேன்.

வேலை செய்கிறவருக்கு எண் இல்லை. வேலையே செய்யாத ஐவருக்கு எண் உண்டு. இது எந்த ஊர் நியாயம்? நம் ஊர் நியாயம்.

கார்த்திகை கழிந்தது. மார்கழி பிறந்தது. மேட்டுத்தெருவில் தண்ணீர் ஏறவில்லை. அடைக்கலமேரி காலை ஐந்தரைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, வால்வு திறக்க அந்தப் பக்கம் போகிறார். தொட்டி நிறைய இரண்டு மணி நேரம் ஆகும். திரும்பி வந்து பார்த்தால் மோட்டார் நின்று கிடக்கிறது. மறுபடி போடுகிறார். அதற்குள் கரண்டு போகும், நேரம் போகும், பள்ளத்துத் தெருக்காரர்கள் பிடித்ததுபோக மேட்டுத்தெருக் குழாயில் காற்றுதான் வரும். ஒரு நாளா, இரண்டு நாளா? மெக்கானிக் வந்தார். பார்த்தார். பழுதில்லை என்றார்.

உடனே நம் குழு என்ன செய்தது? கொதித்தது. கொதித்ததில் தவறில்லை. குடம் காயும்போது கோபம் வராவிட்டால் அவன் மனிதனா? ஆனால் என்னென்ன எழுதினோம்? ‘பொதுச் சொத்துன்னாலே இப்படித்தான்.’ இது திருப்பூரிலிருந்து. ‘தனியாருக்கு விட்டா ஒரே வாரத்துல சரியாயிரும்.’ இது துபாயிலிருந்து. ‘போன ஆட்சியில மட்டும் கொட்டுச்சா?’ என்று ஒருவர். ‘இந்த ஆட்சியில மட்டும் கொட்டுதா?’ என்று இன்னொருவர். அவ்வளவுதான், பொழுது விடிந்து பொழுது போகும்வரை அதுவே ஓடியது. மேட்டுத்தெருவில் வெறுங்குடம் வரிசை கட்டி நிற்கிறது. குழுவில் கொள்கைப் போர் நடக்கிறது. ஆட்சியைத் திட்டினோம், கட்சியைத் திட்டினோம், கடைசியில் கைக்கு எட்டிய ஆளைப் பிடித்தோம். அந்த ஆள் அடைக்கலமேரி.

அப்போதுதான் ஒரு பதிவு வந்தது. ‘வேலைக்கு ஆள் வைத்தோமா, வேடிக்கைக்கு ஆள் வைத்தோமா?’ ஒரே ஒரு வரி. எதுகையும் மோனையும் எகிறிக் குதித்த வரி. அறுபத்து மூன்று பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அதைப் படமாக்கி, பூ வைத்து, காலை வணக்கத்தோடு அனுப்பினார்கள். ஊராட்சிக்குக் கொடுத்த புகாரில் முதல் வரியாக அதை எழுதினார்கள். அந்தப் புகாரினால்தான் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது.

அந்த வரியை எழுதியவன் யார்? கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். ஆமாம். நான்தான். மேடையில் கைதட்டல் வாங்கிப் பழகிய வாய். கட்டைவிரல் அறுபத்து மூன்றைக் கண்டதும் அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பேருந்தில் டிக்கெட் கிழிக்கிற நேரம்போக, எத்தனையாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

அடைக்கலமேரிக்கு ஒரு மகள். ஷர்லி. திருச்சியில் நர்சிங் கடைசி ஆண்டு. அந்தப் பிள்ளையும் நம் குழுவில் உறுப்பினர். இதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? விடுதி அறையில் உட்கார்ந்து, தன் அம்மாவை நானூறு பேர் திட்டுவதை அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறது. குழுவை விட்டுப் போகவில்லை. திருப்பித் திட்டவில்லை. பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது மோட்டார் அறைச் சுவரில் தொங்கும் நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறது. மோட்டார் எப்போது போட்டது, அதன் சத்தம் எப்போது நின்றது என்று அந்தப் பிள்ளையின் அம்மா தினமும் அதில் எழுதி வைக்கிறார். நம்மில் யாராவது அந்த நோட்டைப் புரட்டினோமா? அந்தப் பிள்ளை புரட்டியது. பிறகு குழுவில் எழுதியது. அதை அப்படியே வாசிக்கிறேன்.

“எல்லாருக்கும் வணக்கம். மோட்டார் தினமும் காலையில 6.10ல இருந்து 6.15க்குள்ள நிக்குது. வாரத்துல ஒரு நாள் மட்டும் நிக்கல. மிஷின் கெட்டுப்போனா இப்படி நேரம் பார்த்துக் கெடாது. போன் அடிச்சு நிறுத்தினா, அடிச்சவங்களுக்கு மெசேஜ் வரும்னு பெட்டியோட வந்த புத்தகத்துல இருக்கு. நம்பர் இருக்கிற அஞ்சு பேரும் தயவுசெஞ்சு உங்க மெசேஜைக் கொஞ்சம் பாருங்க. யாரையும் குறை சொல்லல.”

தோழர்களே, இதுவும் இணையத்தில் சொன்ன கருத்துதான். இதில் எதுகை இல்லை. எகத்தாளம் இல்லை. கட்டைவிரலும் இரண்டே இரண்டுதான் விழுந்தது. ஆனால் மூன்று வாரம் நாங்கள் எழுதிக் குவித்த அத்தனையிலும் உண்மையைத் தேடிப் போன வரிகள் இவை மட்டும்தான்.

ஐவரில் ஒருவர் சிங்கப்பூரில். ஒருவருக்குப் போன் கிணற்றில் விழுந்து நான்கு மாதம். ஒருவர் எண்ணையே மாற்றிவிட்டார். நான்காமவர் மெசேஜ் பெட்டியைத் திறந்து காட்டினார், ஒன்றுமில்லை. மிச்சம் யார்?

என்ன? யார் என்று சொல்லுங்கள் என்கிறார் அங்கே ஓர் அண்ணன். சொல்லத்தான் வந்திருக்கிறேன், அண்ணே.

நான் முதல் நடை வண்டி. காலை ஆறே காலுக்குக் கறம்பக்குடியில் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் டீ. என்னோடு ஓட்டுநர் குழந்தைசாமி. ஒரு நாள் என்னவோ பேச்சு வாக்கில் சொன்னேன், எங்கள் ஊர் மோட்டாரே என் போனில்தான் இருக்கிறது என்று. குழந்தைசாமி நம்பவில்லை. “சும்மா விடாத மாப்ள” என்றான். “இங்க பாரு” என்று ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். “இப்ப ஊர்ல தண்ணி ஏறுது” என்றேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. மறுநாள் டீக்கடைக்காரரே கேட்டார்: “என்ன கண்டக்டரே, இன்னைக்கு ஊருக்குத் தண்ணி விட்டாச்சா?” எனக்குப் பெருமை. விட்டேன். அதற்கடுத்த நாளும் விட்டேன். வாராவாரம் என் ஓய்வு நாள் போக, எல்லா நாளும் டீ வந்ததும் ஒரு மிஸ்டு கால். ஓடாத மோட்டார் ஓடும், ஓடுகிற மோட்டார் அதுபாட்டுக்கு ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஓடுகிற மோட்டாரை அது நிறுத்தும் என்று அந்தச் சரவணக்குமார் படித்துப் படித்துச் சொன்னபோது, நான் எங்கள் கரைக்கு இரண்டாவது இடம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேனே.

ஷர்லியின் பதிவைப் படித்தபின் கறம்பக்குடி பேருந்து நிலையத்தில் நின்று மெசேஜ் பெட்டியைத் திறந்தேன். ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே, பெயர் தெரியாத ஒரு எண்ணிலிருந்து, ‘மோட்டார் ஆஃப்’. கீழே தள்ளுகிறேன். ‘மோட்டார் ஆஃப்’. இன்னும் தள்ளுகிறேன். ‘மோட்டார் ஆஃப்’. இருபத்து மூன்று. இருபத்து மூன்று விடியலில் மேட்டுத்தெருவின் வாயை நான் கட்டியிருக்கிறேன். என் ஓய்வு நாளில் மட்டும் தண்ணீர் ஏறியிருக்கிறது. அன்றைக்குக் குழுவில் என்ன எழுதினோம் தெரியுமா? ‘திட்டுனாத்தான் வேலை நடக்கும்போல.’ அதற்கும் நான் ஒரு கட்டைவிரல் தூக்கியிருக்கிறேன்.

திட்டுங்கள். சத்தமாகவே திட்டுங்கள். இன்னும் இருக்கிறது.

இது தெரிந்து எட்டு நாள் ஆகிறது. எட்டு நாளும் நான் வாய் திறக்கவில்லை. நாளை சொல்லலாம், நாளை மறுநாள் சொல்லலாம். மிஸ்டு கால் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். தண்ணீர் ஏறியது. பிரச்சினை தீர்ந்ததே, தீர்மானமும் தானாகத் தீர்ந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றினேன். ஆனால் குழுவில் என்ன எழுதினார்கள்? ‘வேலை போகும்னதும் பாருங்க, எப்படித் தண்ணி வருது.’ என் மௌனமும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுந்தது.

அரசுப் பேருந்தில் வேலை பார்க்கிற எனக்கு, பொதுச் சொத்தென்றால் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் பொத்துக்கொண்டு வரும். என் கையில் இருக்கும் டிக்கெட் மிஷினும் பொதுச் சொத்துதான். ஆனால் அது அடிக்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் என் பணி எண் இருக்கும். தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்று வண்டியில் ஏறிய பயணிக்குத் தெரியும். நம் மோட்டார் ஏன் கெட்டது? ஊருக்குச் சொந்தமானதால் கெட்டதா? இல்லை. ஊருக்குச் சொந்தமானதைக் கரைக்குச் சொந்தமாக்கினோம், கெட்டது. கேள்வி கேட்க முடியாத கையில் சுவிட்சைக் கொடுத்தோம், கெட்டது. அடைக்கலமேரி சந்தேகப்படவில்லையா? பட்டார். யாரும் போன் அடிக்கிறாங்களோ என்னமோ என்று தலைவரிடம் சொல்லியும் இருக்கிறார். “கரைக்காரங்களையா சந்தேகப்படுற?” என்று ஒரு வார்த்தையில் அது முடிந்தது. ஆத்மநாதன் அண்ணன் தலையைக் குனிய வேண்டாம். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தனியாரிடம் கொடுத்தால் நாம் வாடிக்கையாளர். பொதுவில் வைத்தால் நாம் சொந்தக்காரர். சொந்தக்காரனுக்குத் திட்டுகிற உரிமை மட்டுமா இருக்கிறது? சாவி யார் கையில் என்று தெரிந்துவைக்கிற கடமை இல்லையா? நோட்டைப் புரட்டிப் பார்க்கிற கடமை இல்லையா? நாம் எழுதிய வரி தப்பென்று தெரிந்தால், எழுதிய இடத்திலேயே வந்து நிற்கிற கடமை இல்லையா?

இன்று மாலை நான்கு மணிக்கு, இந்த வேட்டி சட்டையோடு, மோட்டார் அறைக்குப் போனேன். அடைக்கலமேரி வால்வுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். “வாங்கண்ணே, இங்கிட்டு நிக்காதீங்க, சேறு” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். போனைத் திறந்து இருபத்து மூன்றையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழுவார், கத்துவார், ரெண்டு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இதை எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? நான் நிறுத்தலன்னு எனக்குத் தெரியும்ல. தெரியாதவங்கட்டப் போய்ச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். தெரியாதவர்கள் நானூற்றுப் பதினொரு பேருக்கும் சொல்லிவிட்டேன். மேடை ஏறுவதற்கு முன்னால், அந்த இருபத்து மூன்று மெசேஜையும் படமெடுத்து, ‘மோட்டாரை நிறுத்தியது நான்தான், அடைக்கலமேரி அல்ல’ என்று எழுதி, குழுவிலும் போட்டுவிட்டேன். தம்பிகள் இப்போது பார்க்கிறீர்கள், தெரிகிறது.

டீச்சர், ஊராட்சித் தலைவர் அண்ணன் முன்னிலையில் இதை எழுத்தாகவே கொடுக்கிறேன். நாளைச் சபையில் ஏழாவது பொருளை எடுக்கும்போது, என் வாக்குமூலம் முதலில் வாசிக்கப்பட வேண்டும். பெட்டியிலிருந்து ஐந்து கரை எண்களையும் எடுத்துவிட வேண்டும். முதலில் என்னுடையதை. அங்கே பதிய வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. அது மோட்டார் போடுகிறவரின் எண். மூன்றாவது கரைக்கு மரியாதை போய்விட்டதே என்று என் பங்காளிகள் வருத்தப்பட்டால், வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்வோம்.

முன்வரிசையில் இரண்டாவது கரை எழுந்து நிற்கிறார். என்ன அண்ணே? அவர் எண்ணையும் எடுத்துவிடச் சொல்கிறார். நன்றி அண்ணே. உட்காருங்கள், முழங்கால் வலியோடு நிற்காதீர்கள்.

தாய்மார்களே, நாளைக்குக் கை தூக்கப்போகிறவர்கள் நீங்கள். யாருக்காகத் தூக்குவது என்று நான் சொல்லமாட்டேன். சொல்லுகிற தகுதியை இருபத்து மூன்று முறை இழந்தவன் நான். ஆனால் வாருங்கள். வீட்டிலிருந்து கட்டைவிரல் தூக்காமல், வெயிலில் வந்து நின்று, முகம் தெரிய, கை தூக்குங்கள்.

அடைக்கலமேரி இந்தக் கூட்டத்தில் இல்லை. விழாச் சாப்பாட்டுக்குக் கை கழுவத் தண்ணீர் வேண்டும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார்கள், அதற்காக மோட்டார் பக்கத்தில் நிற்கிறார். ஒலிபெருக்கி அந்தப் பக்கமும் கட்டியிருக்கிறது. எனவே கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

அடைக்கலமேரி, தங்கச்சி, நீங்கள் சொன்னபடி சொல்லிவிட்டேன்.

பொறுத்துக் கேட்ட அவைக்கும், பேச இடம் கொடுத்த படிப்பகத்துக்கும், கேள்வியைக் கேள்வியாகக் கேட்டுக் காட்டிய மகள் ஷர்லிக்கும் தலை தாழ்த்தி நன்றி. எல்லோருக்கும் இந்தச் செம்மலின் வணக்கம்.